முனிக்கு நேர்ந்த சேவல் முகம் வீங்கினால்

இலங்கையின் சபரகமுவவில், கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில், லயத்துப் பின்வாசலில் மேயும் கோழிகளுக்குள் ஒன்றிரண்டை யார் விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். பிள்ளைக்குச் சுகமானதற்கோ மகளுக்கு வரன் அமைந்ததற்கோ முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் நேர்ந்துவிட்ட சேவல்கள் அவை. விருந்தாளி வந்தாலும் கத்தி அவற்றின் பக்கம் திரும்பாது. அப்படிப்பட்ட சேவல் ஒரு விடியலில் கன்னம் புடைத்து, ஒரு கண் மூடி, மூக்கில் சளி வடிய நின்றால், வீட்டுக்குள் முதலில் எழுவது மருந்தைப் பற்றிய கேள்வியல்ல. "சாமிக்கு என்ன குறை வெச்சோம்?" என்பதுதான்.

இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அந்தக் கேள்விக்குள் அறம் சார்ந்த வேறு கேள்விகள் இருக்கின்றன. சாமிக்கென்று கொடுத்துவிட்ட உயிரை நோயில் யார் பார்ப்பது? எப்படியும் அறுக்கப்போகும் சேவலுக்கு வைத்தியம் எதற்கு? நோய் தெய்வத்தின் கோபமென்றால், மருந்து கொடுப்பது தெய்வத்தோடு மோதுவதாகுமா?

முதலில் சேவலைக் கையில் எடுக்க வேண்டும். முகம் வீங்கி மூக்குச் சளி நாறினால் அது பெரும்பாலும் கோழிச் சளிநோய். பாக்டீரியாவால் வருவது; ஒரே தண்ணீர்ச் சட்டியில் குடிக்கும் கோழிகளுக்குள் விரைவாகப் பரவும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கிளம்பிப் பொருக்குத் தட்டினால் அம்மை. தாடி மட்டும் தடித்துச் சூடாக இருந்தால் கோழிக் காலரா என்று சந்தேகிக்கலாம். கழுத்தடியில் வீக்கம் தெரிந்தால் விடியலில், தீனி போடுமுன் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்தின மாலை தின்றது செரித்து இரைப்பை அப்போது காலியாக இருப்பதே இயல்பு. கல்போல் இறுகியிருந்தால் அடைப்பு, தளதளவென்று புளித்த வாடை அடித்தால் உள்ளே நொதித்திருக்கிறது. உள்ளங்காலில் கறுத்த பொருக்கோடு வீக்கம் என்றால் காயம் பட்டுச் சீழ் கட்டியிருக்கிறது. பச்சையாகக் கழிந்து, செட்டை தொங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டால் ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சல். இவற்றில் சில மருந்துக்குக் கேட்கும், சில கேட்காது. எது எதுவென்று சொல்ல மிருக வைத்தியர் வேண்டும். வீட்டில் மிஞ்சிய மனித மாத்திரையை உடைத்துச் சோற்றில் கலப்பது வைத்தியமாகாது.

அம்மைதான் இந்த விஷயத்தின் நடுமுடிச்சு. சபரகமுவ மழைநாடு. தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். கோழி அம்மையைக் கோழிக்குக் கோழி கொண்டுபோவது பெரும்பாலும் அந்த நுளம்புதான். லயத்தில் மனிதருக்கு அம்மை கண்டால் வேப்பிலை செருகி, மஞ்சள் நீர் தெளித்து, மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று அடங்கி நடப்பார்கள். கோழிக்கும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள். அந்தக் கைப்பக்குவத்தில் பக்தியும் பரிவும் ஒன்றாகவே இருக்கின்றன. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "அம்மா பார்த்துக்குவா" என்று அதற்குமேல் எதுவும் செய்யாமல் விடும்போதுதான் சிக்கல்.

பெரியம்மையின் கதையை இங்கே நினைக்க வேண்டும். 1796இல் ஜென்னர் தொடங்கிவைத்த தடுப்பு முறை, 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்ததில் முடிந்தது. மாரியம்மனின் நோய் என்று தலைமுறைகள் அஞ்சியது பூமியிலிருந்தே போய்விட்டது. மாரியம்மன் போனாளா? தோட்டத்துக்குத் தோட்டம் இன்றும் கரகம் பாலிக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். ஊசி அவளுடைய இடத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. கோழிக்கு மருந்து கொடுப்பதால் தெய்வம் சிறுத்துவிடும் என்ற அச்சத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது.

விலங்குக்கு வைத்தியம் பார்ப்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கமுமல்ல. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் இருவகை மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. அது நடந்த இடங்களில் சோழ, பாண்டிய நாடுகளோடு தாம்பபன்னி என்ற இலங்கையும் பெயரோடு வருகிறது. நான்காம் நூற்றாண்டு அனுராதபுர மன்னன் புத்ததாசன், வயிற்று நோயால் கிடந்த நாகத்தைக் கீறிக் குணமாக்கினான் என்று சூளவம்சம் கதை சொல்கிறது. கதைதான். ஆனால் பாம்புக்கும் வைத்தியம் பார்ப்பதை ஓர் அரசனின் பெருமையாக எண்ணிய நாடு இது.

பலி கேட்கும் மரபுகளும் நோயுற்றதைக் கேட்பதில்லை. யூதரின் லேவியராகமம் பழுதற்றதையே படைக்கச் சொல்கிறது. முஸ்லிம்களின் குர்பானியில் வெளிப்படையான நோயோ நொண்டியோ குருடோ உள்ள பிராணி ஏற்கப்படாது. தோட்டத்துக் கோயிலிலும் ஊனமான சேவலைக் கொண்டுபோக யாரும் துணிவதில்லை. ஆனால் நடைமுறையில் இந்த விதியால் நேர்வது என்ன? நல்ல சேவலாக இன்னொன்றை வாங்கி நேர்த்தியை முடித்துவிடுகிறார்கள். வீங்கிய முகத்தோடு பழையது விறகுக்கட்டுக்குப் பின்னால் பட்டினியில் சாகிறது. அதற்குக் கண் மூடிவிட்டால் தீனி தெரியாது. நோயைவிடப் பசிதான் முதலில் கொல்லும். சாமிக்கு வைத்த குறை என்று ஒன்று இருக்குமானால், அது இதுதான்.

உயிர்ப்பலி பற்றிய வாதம் தமிழரிடையே ஓய்ந்ததில்லை. வள்ளலார் சிறுதெய்வக் கோயில் பலிகளைக் கண்டு நடுங்கியவர். தமிழ்நாட்டில் 1950இல் வந்த தடைச் சட்டம் 2003இல் கடுமையாக அமலாக்கப்பட்டு, 2004இல் நீக்கப்பட்டது. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் வேள்விப் பலிக்குத் தடை விதித்தது. 2018இலும் 2020இலும் இலங்கை அமைச்சரவை தடை யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது. இவ்வளவு வாதமும் சேவலின் கடைசி நிமிஷத்தைப் பற்றியது. அதற்கு முன் அது வாழும் மாதங்களைப் பற்றி இரு தரப்பும் பேசுவதில்லை. பலியை ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் அந்த மாதங்களில் கடமை ஒன்றே: தனியே கட்டி, கண்ணை வெதுவெதுப்பான உப்புநீரில் துடைத்து, எட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்து, வைத்தியரிடம் காட்டுவது.

மருந்து கொடுத்தால் இன்னொரு தடை வரும். நுண்ணுயிர்க்கொல்லி பெற்ற கோழியின் இறைச்சியை, வைத்தியர் சொல்லும் நாள் கழியும்வரை உண்ணக்கூடாது. திருவிழா அதற்குள் வந்தால்? நேர்த்தியைத் தள்ளிப்போடலாம். கடன் பட்டவனுக்குத் தவணை கொடுக்கத் தெரிந்த சாமிதான் முனி. நீர்ப்பூசணியை வெட்டிப் பலியாக ஏற்கவைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு.

தீராத நோய் என்றால்? 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் வேதனையில் கிடந்த கன்றுக்கு ஊசி போட்டு உயிரை முடிக்கக் காந்தி ஒப்பினார். அகிம்சை பேசியவரா இப்படி என்று கண்டனம் குவிந்தது. தில்லிச் சாந்தினி சவுக்கில் சமணர் 1929இல் தொடங்கிய பறவை மருத்துவமனையோ கடைசி மூச்சுவரை பராமரிக்கும் மரபைச் சேர்ந்தது. இரண்டும் கருணையிலிருந்து வந்தவையே. ஆனாலும் ராணிக்கெட்டில் கழுத்து முறுக்கித் துடிக்கும் கோழிக்குக் காந்தியின் வழியே பொருந்தும், ஏனென்றால் லயத்தில் சுவருக்குச் சுவர் அடுத்த வீட்டுக் கோழி இருக்கிறது. சாகுமுன் அறுத்துக் கறியாக்கி, இறகையும் குடலையும் கானில் எறிந்தால், நோய் கீழ் லயத்துக்கும் போகும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே அயலாருக்குச் செய்யும் நியாயம்.

ராணிக்கெட்டுக்கு மருந்து இல்லை, தடுப்பு மருந்து உண்டு. ஒரு குப்பியில் நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மூன்று கோழி வைத்திருக்கும் வீடு தனியாக வாங்கிப் பயனில்லை. திருவிழாவுக்கு வீடு வீடாகக் காசு சேர்க்கும் கோயில் கமிட்டி, அதே நடையில் கோழிகளையும் எண்ணி, மிருக வைத்திய அலுவலகத்தில் பேசி ஒரு நாளைக் குறிக்கலாம். நேரம் மட்டும் அந்திக்குப் பின்னாக இருக்கட்டும். கோழிகள் அடைந்துவிட்டால் பிடிப்பது சுலபம்.