மலிவான துணியும் நின்றுபோன தறியும்



ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம். நாட்டு மக்களுக்கு நன்மை என்று கருதி அரசு ஒரு முடிவை எடுக்கிறது. அம்முடிவினால் பெரும்பாலானோர் பயனடைகின்றனர்; ஒரு சாராரோ தம் பிழைப்பை இழந்துவிடுகின்றனர். இழந்தவர்களுக்கு ஏனையோர் கொடுக்க வேண்டியது ஏதேனும் உண்டா? உண்டென்றால் அது இரக்கத்தினால் இடும் பிச்சையா, அல்லது தீர்க்கப்பட வேண்டிய கடனா?

இது ஏட்டோடு நிற்கும் கேள்வி அன்று. கோமாரியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வீதியில் தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊர்களைக் கடந்து சென்றால் மருதமுனை வரும். மருதமுனைச் சாரத்தை அறியாத வீடு இக்கரையோரத்தில் இராது. நெசவு அங்கே ஒருவர் செய்யும் வேலையல்ல; குடும்பத்தின் வேலை. ஒருவர் தறியில் இருப்பார். இன்னொருவர் நூல் சுற்றுவார். வேறொருவர் பாவு ஓட்டுவார். அந்த ஊரின் கதையில் நாம் கேட்ட கேள்விக்கு உயிர் இருக்கிறது.

1970 முதல் 1977 வரை நம் நாடு இறக்குமதிகளை மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. பாணுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் வாங்குவோர் துன்பப்பட்ட அக்காலத்திலேயே உற்பத்தி செய்வோர் சிலர் தலைநிமிர்ந்தனர் என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டோருக்கு நல்ல விலை கிடைத்தது. வெளிநாட்டுத் துணி அரிதாக இருந்ததால் கைத்தறித் துணிக்குச் சந்தை இருந்தது.

1977 ஜூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் மாத வரவு செலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கதவு அகலத் திறக்கப்பட்டது. வெளிநாட்டு ஆலைத் துணி கடைகளில் குவிந்தது. விலை குறைந்தது, நிறமும் பளபளப்பும் கூடியது. வாங்குவோர் மகிழ்ந்தனர். கைத்தறிகளோ நாட்டின் பல பகுதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மிளகாய், வெங்காயச் செய்கையாளரும் அதே அடியைத் தாங்கினர். அடுத்த ஆண்டே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிற்று. காலப்போக்கில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகி ஆயிரமாயிரம் பெண்களுக்கு வேலை கொடுத்தன. நாட்டின் கணக்கேட்டில் இது இலாபம். ஆனால் கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்த இளம் பெண்ணும், மருதமுனையில் தறியை விட்டு எழுந்த ஐம்பது வயது மனிதரும் ஒருவரல்லரே! ஒருவருடைய வரவு மற்றவருடைய இழப்பை எப்படி ஈடு செய்யும்?

இங்கே சிலர் மறுப்புக் கூறுவர். அவற்றைப் புறந்தள்ளாமல் எடை போட்டுப் பார்ப்போம்.

முதலாவது மறுப்பு: "வியாபாரம் என்றால் இலாபமும் நட்டமும் இருக்கும். நெசவாளர் நன்றாக உழைத்த நாட்களில் நமக்குப் பங்கு தந்தாரா? நட்டத்தில் மட்டும் நாம் ஏன் பங்கேற்க வேண்டும்?" இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஒருவர் நெய்யும் துணி தரம் குறைந்ததால் விலைபோகவில்லை என்றால் அதற்கு ஊரார் பொறுப்பல்ல. ஆனால் மேலே சொன்ன நிகழ்ச்சி அத்தகையதன்று. தறி மாறவில்லை, கை மாறவில்லை, துணியின் தரமும் மாறவில்லை, சட்டம் மாறியது. நேற்றுவரை "உள்ளூரில் நெய்யுங்கள்" என்று ஊக்கிய அதே அரசு, இன்று வேறு வழியைத் தெரிந்துகொண்டது. அரசின் சொல்லை நம்பிக் கடன்பட்டுத் தறி வாங்கியவரை, அந்தச் சொல் மாறும்போது நடுவழியில் விட்டுவிடலாமா?

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது: "இயந்திரத் தறியால் வேலை இழந்தவர் இருக்கிறார், வரட்சியால் இழந்தவர் இருக்கிறார், யுத்தத்தால் இழந்தவர் இருக்கிறார். இறக்குமதியால் இழந்தவருக்கு மட்டும் தனிச் சலுகை எதற்கு? பசி எல்லோருக்கும் ஒன்றுதானே?" ஆம், பசி ஒன்றுதான். ஆகவே எக்காரணத்தால் வேலை இழந்தவருக்கும் ஒரு பொதுவான ஆதரவு இருக்க வேண்டும். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், வேலையற்றோருக்கு உதவுவது ஒரு கடமை என்றும், உலகின் பொருள்கள் எல்லா மனிதருக்கும் உரியவை என்ற அடிப்படையிலிருந்தே அக்கடமை பிறக்கிறது என்றும் போதித்தார். அங்கே காரணம் கேட்கப்படவில்லை. ஆயினும், எல்லோருக்கும் உரிய அந்த உதவிக்கு மேலாக, குறிப்பிட்ட ஒருவரின் இழப்பை நாமே தெரிந்து உண்டாக்கியிருந்தால் நமது பொறுப்பு இன்னும் கூடுகிறது. வீதியில் விழுந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவது எல்லோருக்கும் கடமை. அவர்மீது மோதியவருக்கோ அதற்கு மேலும் ஒரு கடமை உண்டு.

நீதியைப் பற்றிச் சிந்தித்த புனித தோமாஸ் அக்குவினார், அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, அதனை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கலைச் சரிசெய்வது ஒன்று. ஒரு சமூகம் தன் நன்மைகளையும் சுமைகளையும் உறுப்பினரிடையே முறையாகப் பங்கிடுவது மற்றொன்று. மலிவான துணியை வாங்கிய நீங்கள் நெசவாளரிடம் எதையும் திருடவில்லை. ஆகவே முதல்வகை நீதியின்படி உங்கள்மீது குற்றமில்லை. ஆனால் ஒரு பொது முடிவின் நன்மை எல்லா வீடுகளுக்கும் சிறிது சிறிதாகப் போய்ச் சேர, அதன் சுமை முழுவதும் சில வீடுகளின் கூரைமேல் விழுந்தால் பங்கீடு கோணலாகிவிட்டது. அந்தக் கோணலை நிமிர்த்துவது இரண்டாம்வகை நீதியின் வேலை. நாம் கடன் என்று சொல்வது இதனையே.

மருதமுனை மக்கள் இஸ்லாமியர். அவர்களுடைய மார்க்கத்தில் ஸகாத் என்பது செல்வர் மனமிரங்கித் தரும் கொடையல்ல. செல்வரின் பொருளில் ஏழைக்குள்ள உரிமை. கொடுப்பவர் பெருமைப்பட வேண்டியதில்லை, பெறுபவர் கூசவேண்டியதில்லை. இந்த விடயத்தில் அவர்களுடைய போதனையும் நமது போதனையும் ஒரே திசையைக் காட்டுவதை நாம் கவனிக்க வேண்டும்.

இக்கடனைச் சட்டமாக்கிய நாடுகளும் உண்டு. ஐக்கிய அமெரிக்கா 1962இல், ஜனாதிபதி கெனடியின் காலத்தில், வர்த்தக விரிவாக்கச் சட்டம் ஒன்றை இயற்றியது. தீர்வைகளைக் குறைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்த அதே சட்டம், அதனால் வேலை இழக்கும் தொழிலாளருக்கு உதவிப் பணமும் புதிய தொழிற்பயிற்சியும் வழங்க ஏற்பாடு செய்தது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் தன் இழப்புக்குத் தீர்வைக் குறைப்பே பெருங்காரணம் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியிருந்தது. விளைவு என்ன? 1969 வரை ஒரு தொழிலாளர் விண்ணப்பமேனும் ஏற்கப்படவில்லை. 1974இல் சட்டத்தைத் தளர்த்திய பின்னரே உதவி உண்மையில் மக்களைச் சென்றடைந்தது. பிற்காலத்தில், ஐம்பது வயதைக் கடந்தோர் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதிய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியை ஒரு குறித்த காலத்துக்கு அரசு கொடுக்கும் முறையும் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தின் சட்ட அதிகாரம் 2022 ஜூலை முதலாம் திகதியோடு முடிவுற்றது. அதன்பின் புதிய விண்ணப்பங்கள் தீர்க்கப்படவில்லை. ஐரோப்பிய நாடுகள் இத்தகைய நோக்கத்துக்காக 2007 முதல் ஒரு பொது நிதியத்தை நடத்தி வருகின்றன.

அமெரிக்காவின் அந்த முதல் ஏழு ஆண்டுகள் நமக்கு ஒரு பாடம். நம்முடைய நெசவாளரிடம், "உன் தறி நின்றது இறக்குமதியாலா, யுத்தத்தாலா, 2004ஆம் ஆண்டுச் சுனாமியாலா? நிரூபித்துக் காட்டு" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? வாழ்க்கையில் துன்பங்கள் தனித்தனிப் பெயர்ச்சீட்டோடு வருவதில்லை. நிரூபிக்கும் சுமையை ஏழையின் தலையில் வைக்கும் உதவி, ஏட்டில் மட்டுமே உதவி.

இனி நம் நாட்டின் நிலையைப் பாருங்கள். வேலை இழப்போருக்கான நாடளாவிய காப்புறுதித் திட்டம் நம்மிடம் இன்னும் இல்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி வேலையை முடிவுறுத்துவதைத் தடுக்கிறது. நல்ல சட்டந்தான். ஆனால் பதினைந்து பேருக்குக் குறைவானோரை வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்கு அது பொருந்தாது. வீட்டு முற்றத்தில் இரண்டு தறி வைத்திருக்கும் குடும்பத்துக்கு முதலாளி யார்? நட்டஈட்டை யாரிடம் கேட்பது? அந்த வீட்டில் நூல் சுற்றிய தாயின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருந்ததில்லை. வேலை செய்ததற்கே பதிவில்லாதவர், வேலை இழந்ததை எங்கே பதிவு செய்வார்? தறி நின்றபோது தொழிற்சங்கம் கூடவில்லை, பத்திரிகை எழுதவில்லை. ஏனெனில் தொழிற்சாலை வாயில் மூடினால் ஊருக்குத் தெரியும், வீட்டுத் தறி நின்றால் அடுப்புக்கு மட்டுமே தெரியும்.

அப்படியானால் இறக்குமதிக் கதவை மறுபடியும் இறுக மூடிவிடலாமா? அதுவும் விடையாகாது. கைத்தறிக்கு வேண்டிய பருத்தி நூலும் சாயமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. கதவை மூடினால் நெசவாளரின் கையும் சேர்ந்தே நசுங்கும். ஏழைத் தாய் பள்ளிப் பிள்ளைக்கு மலிவாகத் துணி வாங்குவதையும் நாம் குறைகூற முடியாது. ஆகவே நாம் கேட்பது கதவு திறக்கக் கூடாது என்பதன்று. திறப்பவர் வாசலில் இருப்பவரை மிதித்துக்கொண்டு போகக் கூடாது என்பதே.

இதற்கு என்ன செய்யலாம்? முதலாவது, தீர்வையைக் குறைப்பதானால் ஓர் இரவில் அல்ல, முன்கூட்டி அறிவித்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காலமும் ஓர் உதவியே. இரண்டாவது, இறக்குமதித் துணிமீது அறவிடும் தீர்வையில் ஒரு பங்கை இழந்தோருக்கென ஒதுக்கலாம். இலாபம் வரும் வழியிலிருந்தே கடன் தீர்வது முறையன்றோ? மூன்றாவது, வீட்டில் உழைப்போரை, சிறப்பாகப் பெண்களை, பிரதேச செயலகங்களின் மூலம் தொழிலாளராகவே பதிவு செய்ய வேண்டும். நான்காவது, இளையவருக்குப் பயிற்சியும், முதியவருக்கு வருமானத்தில் விழும் பள்ளத்தை நிரப்பும் பணமும் கொடுக்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் கணினி பழகச் சொல்வது உதவியன்று, கேலி.

இவை எட்டாத கனவுகள் என்று எண்ண வேண்டாம். 2017இல் நம் அரசு வெளியிட்ட புதிய வர்த்தகக் கொள்கையிலேயே, சந்தை திறக்கப்படுவதால் பாதிக்கப்படும் நிறுவனங்களுக்கும் தொழிலாளருக்கும் மாற்றத்தைத் தாங்க உதவ வேண்டும் என்ற எண்ணம் இடம்பெற்றது. 1977க்கு நாற்பது ஆண்டுகள் கழித்தாவது கடமை எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2018இல் சிங்கப்பூருடனும் 2024இல் தாய்லாந்துடனும் வர்த்தக உடன்படிக்கைகள் கைச்சாத்தாகியுள்ளன. புதிய கதவுகள் திறக்கும் காலத்தில், எழுத்தில் உள்ள கடமை எங்கே நிற்கிறது என்று கேட்பது குடிமக்களின் வேலை.

"நாங்கள் நெசவாளர் அல்லவே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கோமாரியில் வயலையும் கடலையும் நம்பி வாழும் குடும்பங்கள் இதைச் சற்று ஆழ்ந்து எண்ணட்டும். அறுவடை வேளையில் வெளிநாட்டு அரிசி வந்திறங்கினால் நெல்லின் விலை என்னவாகும்? இறக்குமதிக் கருவாடும் தகரத்தில் அடைத்த மீனும் மலிந்தால் கரைவலைக்காரரின் பாடு என்ன? பட்டணத்தில் உள்ளவருக்கு அது மலிவு. உங்களுக்கு அது இழப்பு. அன்று உங்கள் சார்பில் யார் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களோ, அதையே இன்று மருதமுனைக்காக நீங்கள் பேச வேண்டும்.

திராட்சைத் தோட்ட உவமையில், பகல் முழுவதும் சந்தையில் சும்மா நின்றவர்களிடம் காரணம் கேட்கப்பட்டபோது அவர்கள் சொன்ன பதிலை நீங்கள் அறிவீர்கள். தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றனர். தோட்டக்காரர் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. ஒரு குடும்பம் அன்றைய நாளைக் கழிக்க எது தேவையோ அதையே அவர்களுக்கும் கொடுத்தார். வேலை இழந்தவரைக் கண்டதும், "முயற்சியில்லாதவர்" என்று தீர்ப்புச் சொல்ல முந்தும் நம் நாவுக்கு இது போதுமான எச்சரிக்கை.

அடுத்த பெருநாளுக்கு வீட்டில் துணி எடுக்கும்போது பிள்ளைகளோடு இதைப்பற்றிப் பேசுங்கள். இந்தத் துணி ஏன் மலிவாக இருக்கிறது, இந்த மலிவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு மருதமுனைச் சாரத்தை வாங்குங்கள், அது நல்லது. ஆனால் அத்தோடு கடன் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் இந்தக் கேள்வியையும் கேளுங்கள். தனிமனிதர் பர்ஸிலிருந்து தீர்க்கக்கூடிய கடனன்று இது. ஒரு நாடாக எடுத்த முடிவுக்கு ஒரு நாடாகவே பொறுப்பேற்க வேண்டும்.