ஆலவட்டமும் அறுவைக் கத்தியும்

பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் அவதரித்த புண்ணியத் தலம். காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டக் கைங்கர்யம் செய்த அம்மகானோடு எம்பெருமான் வாய்திறந்து உரையாடுவான் என்பது குருபரம்பரைச் செய்தி. ஒருநாள் நம்பிகள் தமக்கு மோட்சம் வேண்டுமென்று விண்ணப்பித்தாராம். விசிறியதற்குப் பேசியது ஈடாகிவிட்டது என்றும், மோட்சம் வேண்டுமாயின் அடியார்க்குத் தொண்டு பூண வேண்டும் என்றும் பெருமான் அருளினானாம். பெரியோர் இதனைச் சுவைபட எடுத்துரைப்பர்.

இவ்வரலாற்றினுள் ஓர் அறக்கேள்வி பொதிந்து கிடக்கிறது. கைம்மாறு கிடைத்தவுடன் தொண்டின் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அங்ஙனமாயின், பிறர் கூறும் நன்றியிலேயே நிறைவு காண்பவனுக்கு அதன்பின் எஞ்சுவது யாது?

அறுவை மருத்துவருக்கு இக்கேள்வி நாள்தோறும் எழுவது. கட்டவிழ்த்த கண்ணால் பேரக் குழந்தையின் முகத்தைக் காணும் மூதாட்டி, மருத்துவரைக் கைகூப்பித் தெய்வமே என்கிறாள். அச்சொல் இனியது, எனினும் அபாயமானது. தெய்வமென்று ஏற்றுக்கொண்டவர், சிகிச்சை பலிக்காத நாளில் யாராக நிற்பார்? வாழ்த்தை மட்டுமே ஊதியமாகக் கொண்டவருக்கு, வாழ்த்தாத நோயாளியின் கட்டிலருகே செல்லக் கால் கூசும். ஆனால், அவரை மிகுதியும் வேண்டி நிற்பது அந்தக் கட்டிலே அன்றோ!

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில், நூம்பலில், 2017 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கி வருகிறது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் கோ. வேங்கடசாமியின் வாழ்வு இக்கேள்விக்கு விடை பகர்கிறது. 1918-இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் மாண்டது கண்டு மகப்பேறு மருத்துவராக விழைந்தார். இராணுவ மருத்துவப் பணியிலிருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. விரும்பிய துறை கைநழுவியது. கண் மருத்துவத்தைக் கற்று, வளைந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976-இல், ஐம்பத்தெட்டாம் வயதில் அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுடையோர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு வறியோருக்கு இலவச சிகிச்சை அளிக்கும் முறையை வகுத்தார். 1992-இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுள் பொருத்தும் வில்லைகளை மதுரையிலேயே தயாரித்து, அவற்றின் விலையைப் பெரிதும் குறைத்தது. அவர் 2006-இல் மறைந்தார், பணி தொடர்கிறது.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒருவர் கூறும் நன்றி, சிகிச்சை முடிந்த ஒருவரைப் பற்றியது. இன்னும் வந்து சேராத பார்வையற்றவர் நன்றி கூற இயலாது. நன்றியில் நிறைபவர் முன்னவரோடு நின்றுவிடுவார். தொண்டில் நிறைபவர் பின்னவரைத் தேடிக் கிராமத்துக்கு முகாம் அனுப்புவார். ஆலவட்டத்தின் கணக்குத் தீர்ந்த இடத்தில் அடியார்க்கு அடிமைத்தொண்டு தொடங்குவதும் இதனை ஒத்ததே.

ஆயின், நோயாளியின் நன்றி வீணா? அன்று. செய்ந்நன்றி அறிதல் பெற்றவரின் அறம். அவரையே அது உயர்த்தும். அதனைப் புறக்கணிக்கும் மருத்துவரும் ஆணவத்துக்கே ஆளாவார். பணிவோடு ஏற்று, தமக்குரியதன்று என்று மேலே சமர்ப்பித்துவிடுவதே முறை. கர்த்தா என்னும் எண்ணம், எனது என்னும் எண்ணம், பயனில் உள்ள ஆசை ஆகிய மூன்றையும் துறத்தலைச் சாத்விகத் தியாகம் என்று வைணவப் பெரியோர் வகுத்தது இதற்காகவே.

மேலும், கடன் ஒருபுறம் மட்டும் உள்ளதன்று. எந்த அறுவை மருத்துவரும் முதன்முதலில் கத்தி பிடித்தபோது கை நடுங்கியிருக்கும். அந்த நடுங்கும் கையை நம்பித் தன் உடலை ஒப்படைத்தவர், பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கு வந்த ஓர் ஏழையே. அவர் பெயர்கூட மறந்து போயிருக்கலாம். இன்றைய தேர்ந்த கை அவர் தந்த கொடை. ஆகவே, நன்றி கூற வேண்டியவர் கட்டிலில் கிடப்பவர் மட்டுமல்லர்; அருகே நிற்பவரும்தாம்.

இதனை உணர்ந்த மருத்துவர், வாழ்த்துபவரையும் வாழ்த்தாதவரையும் ஒரே முகத்தோடு காண்பார். அவரது தொண்டில் கணக்கு இராது. ஆதலின் அது தீர்வதும் இல்லை.