ழகரமும் நம் நகைப்பும்

தில்லியில் பிறந்த நம் குழந்தை ‘வாழை’யை ‘வாலை’ என்றால் நகைக்கிறோம். இந்தியில் கணம், கனி, வலிமை எனும் மூன்றையும் நாம் ‘பல்’ என்றே ஒலிக்கையில் அண்டை வீட்டார் நகைக்கின்றனர். எவ்வொலி வேறுபாடு பொருளை மாற்றும் என்பதை ஒவ்வொரு மொழியும் தனக்கென வகுத்துக்கொள்கிறது. செவியும் அதற்கேற்பவே பழகுகிறது. ஆங்கிலம் கேட்டு வளரும் ஆறேழு மாதக் குழந்தைகள் இந்தியின் தகர, டகர ஒலிகளைப் பிரித்துணர்வதையும், ஓராண்டு நிறைவதற்குள் அத்திறன் குன்றுவதையும் வெர்க்கர், டீஸ் எனும் ஆய்வாளர் 1984-இல் காட்டினர். நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் என்கிறது தொல்காப்பியம். அவ்வொலியை அக்குழந்தை யாரிடம் கேட்டது? அலுவலகம் விட்டு வரும் நாம் அதனோடு பேசுவது பெரும்பாலும் இந்தியிலன்றோ? தான் பெறாததற்கு அதனைப் பழித்தல் அறமாகுமா? ஊரிலும் ழகரத்தை ளகரமாக்கும் பெரியோர் பலர். அவரை நாம் நகைப்பதில்லை.