கொடையும் கடனும்

செல்வர் ஒருவர் தம் பொருளில் ஒரு பகுதியை இல்லாதார்க்கு ஈந்துவிட்டால், அவர் மறைத்த வரியின் குற்றம் அதனாற் கரைந்துவிடுமா? ஜேர்மனிய உதைபந்தாட்ட உலகின் உலி ஹோனெஸ் என்பாரது வாழ்வை நோக்குங்கால் இவ்வினா எழாமற் போகாது.

1952இல் ஊல்ம் நகரில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1970இல் பயர்ன் மியூனிச் கழகத்திற் சேர்ந்தார். 1974இல் உலகக் கிண்ணத்தை வென்ற மேற்கு ஜேர்மனிய அணியில் ஆடினார். முழங்காற் காயம் ஆட்டத்தை முடித்துவைக்கவே, 1979இல், இருபத்தேழாவது வயதில், அதே கழகத்தின் முகாமையாளரானார். முப்பதாண்டு உழைப்பில் அதனை ஐரோப்பாவின் செல்வமிக்க கழகங்களுள் ஒன்றாக்கி, 2009இல் அதன் தலைவருமானார்.

இவரைக் கல்நெஞ்ச முதலாளி என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. ஹம்பேர்க் துறைமுகப் பகுதியின் சாங்க்ற் பௌலி கழகம் 2003இல் வறுமையுற்று நின்றபோது, பயர்ன் அணி கூலி பெறாது சென்று ஆடிப் பணம் திரட்டிக் கொடுத்தது. போட்டிக் கழகமான டோர்ட்முண்டுக்கு 2 மில்லியன் யூரோ கடனாக வழங்கியதும் அவர் காலத்திலேதான்.

நிற்க. சுவிற்சர்லாந்தின் வங்கியொன்றில் அவருக்கு இரகசியக் கணக்கொன்று இருந்தது. அதில் அந்நிய நாணயச் சூதாட்டம் நடந்தது. இலாபத்துக்கு வரி கட்டப்படவில்லை. 2013 ஜனவரியில் அவரே அதனை அறிவித்தார். ஆனால் அறிவிப்பு முழுமையற்றது என்றது நீதிமன்றம். குற்றப்பத்திரத்தில் ஏறத்தாழ 3.5 மில்லியன் யூரோ என்றிருந்த ஏய்ப்பு, 2014 மார்ச்சில் விசாரணை தொடங்கிய நாளில் அவர் வாயாலேயே 18.5 ஆயிற்று, தீர்ப்பில் 28.5 ஆயிற்று. மூன்றரையாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்யாது தலைமைப் பதவியைத் துறந்து சிறை சென்றார். அந்நேர்மையை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் மன்றிலே அவர் சமூகப் பணிகளுக்குத் தாம் ஏறத்தாழ 5 மில்லியன் யூரோ ஈந்ததை எடுத்துரைத்தார். இங்கேதான் நாம் அவரோடு மாறுபடுகிறோம். கொடையில், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதைக் கொடுப்பவனே தீர்மானிக்கிறான். பெறுபவன் நன்றியோடு தலைகுனிகிறான். வரியிலோ மக்களின் பிரதிநிதிகள் தீர்மானிக்கிறார்கள். பொது மருத்துவமனையிற் படுத்திருக்கும் நோயாளி எவருக்கும் கைகூப்ப வேண்டியதில்லை. ஜேர்மன் மொழியில் குற்றத்தையும் கடனையும் குறிக்கும் சொற்கள் ஒரே வேரின. நம் மொழியிலோ கடன் என்பதற்குக் கடமை என்ற பொருளும் உண்டு. நூரம்பேர்க்கில் ஹோனெஸ் கூட்டாளியாக நிறுவிய சொசேஜ் தொழிற்சாலையின் தொழிலாளிக்கு, வரி கழித்த பின்னரே சம்பளம் கைக்கு வருகிறது. கொடைவள்ளலாகும் வாய்ப்பு அவனுக்கு ஏது?

தண்டனைக் காலத்திலேயே, 2015 ஜனவரி முதல், பகலிற் கழகத்தின் இளைஞர் பிரிவில் வேலைசெய்ய அவருக்கு அனுமதி கிடைத்தது. அது முறையே, தண்டனையுற்றவன் பிழைப்பிழந்து போகவேண்டும் என்போர் அல்லர் நாம். 2016 பெப்ரவரியில் விடுதலையானார். அவ்வாண்டு நவம்பரில், எதிர்ப்போட்டியாளர் எவருமின்றி, உறுப்பினர் அவரை மீண்டும் தலைவராக்கினர். வேலை கொடுப்பது வேறு, தலைமை கொடுப்பது வேறு. அன்று கழகம் மன்னித்தது. இழந்ததோ கழகமன்று, நாட்டின் பொதுப் பணப்பெட்டி. 2019இல் அவர் பதவி விலகியபோது, கழகம் அவரைக் கௌரவத் தலைவராக்கிற்று.