வண்டியின் எண்ணும் மனிதனின் எண்ணமும்

 



புதிதாகக் கார் வாங்குபவர்கள் நம்மிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "786 வரும் நம்பராகத்தான் வாங்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருக்கிறார்கள். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. இது மார்க்கத்தில் ஆகுமானதா?" என்பதே அது. வேறு சிலர் 786 கேட்பதில்லை. 1, 7, 9999 என்று பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும் எண்ணாக வேண்டும் என்கிறார்கள்.

"இதெல்லாம் ஒரு மஸ்அலாவா?" என்று சிலருக்குத் தோன்றலாம். நாம் அப்படிக் கருதவில்லை. ஓர் எண்ணுக்காக வாப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசாத வீடுகள் உண்டு. வாங்கிய கடனை அடைக்காமல் எண்ணுக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

எண் எதற்காக வந்தது?

பிரிட்டனில் 1903-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. 1904 முதல் அங்கே ஒவ்வொரு காரும் தனக்குரிய பதிவெண்ணைத் தாங்கியே ஓட வேண்டும் என்றாயிற்று. வேகமாக ஓட்டிச் சென்று பிறருக்குத் தீங்கு செய்தவர் யாரென்று கண்டுபிடிக்க வழி வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதாவது, 'இந்த வண்டிக்கு நான் பொறுப்பாளி' என்று உடையவர் ஊரறிய எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்தான் நம்பர் பிளேட். காலப்போக்கில் பொறுப்பைக் காட்ட வந்த பலகை, பெருமையைக் காட்டும் பலகையாக மாறிவிட்டது. 1989 முதல் பிரிட்டிஷ் அரசாங்கமே பெயர் போல வாசிக்கக்கூடிய எண்களை விலைக்கு விற்கத் தொடங்கியது.

அரபு நாடுகளில் இந்த மோகம் இன்னும் அதிகம். 2008-ல் அபூதாபியில் '1' என்ற எண் 5 கோடியே 22 லட்சம் திர்ஹத்துக்கு ஏலம் போயிற்று. 2023 ஏப்ரலில் துபையில் 'பி 7' என்ற எண் 5 கோடியே 50 லட்சம் திர்ஹத்துக்குப் போனது. நம் நாட்டுக் கணக்கில் ஏறத்தாழ 120 கோடி ரூபாய்! அது அவர்கள் நாட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அந்நாடுகளில் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அங்கே கண்டதும் கேட்டதும் விடுமுறையில் அவர்களோடு நம் வீட்டுக்குள்ளும் வருகின்றன. இங்கும் நிலைமை அதை நோக்கியே போகிறது. 2025-ல் கொச்சியில் '0007' என்ற எண்ணுக்கு 45 லட்சம் ரூபாய்க்கு மேல் ஏலம் கேட்கப்பட்டது.

உலமாக்களின் கருத்துகள்

இக்கால உலமாக்களிடையே இதில் இரண்டு கருத்துகள் உள்ளன.

ஒரு சாரார், "எண்ணில் எந்தப் பயனும் இல்லை. 7 என்று எழுதிய கார் 3482 என்று எழுதிய காரைவிட ஓர் அடிகூட அதிகம் ஓடாது. பயனில்லாததற்குப் பணத்தைக் கொட்டுவது வீண்விரயம். ஆகவே கூடாது" என்கிறார்கள். வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று 'பனீ இஸ்ராயீல்' சூராவின் 27-வது வசனத்தில் அல்லாஹுத்தஆலா எச்சரிப்பதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

மறுசாரார், "இங்கே வாங்கப்படுவது தகரமல்ல, குறிப்பிட்ட எண்ணைப் பயன்படுத்தும் உரிமை. தொட்டுப் பார்க்க முடியாத உரிமைகளையும் மக்கள் வழக்கம் பொருளாக மதிக்கும்போது, அதை வாங்குவது அடிப்படையில் ஆகும்" என்கிறார்கள். வெறும் உரிமையைத் தனியாக விற்பது பற்றி ஹனஃபீ புகஹாக்கள் முற்காலத்திலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வியாபாரப் பெயர், வியாபாரச் சின்னம், நூலாசிரியர் உரிமை போன்றவை பொருள் மதிப்புடையவை என்று தீர்மானித்தது. எண்ணையும் அதனோடு ஒப்பிட இடமிருக்கிறது என்பது இவர்கள் வாதம்.

ஏலம் என்பதனாலேயே அது தவறாகிவிடாது. வறுமையால் உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் குவளையையும் நாயகம் (ஸல்) அவர்களே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றதற்குக் கோடரியும் வாங்கச் செய்து, கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பூட்டிக் கொடுத்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அந்த ஏலத்தின் முடிவில் ஓர் ஏழை உழைத்து உண்ணும் மனிதரானார். நமது ஏலத்தின் முடிவில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

"துபை ஏலப் பணம் ஏழைகளின் உணவுக்குத்தானே போயிற்று?" என்று கேட்கலாம். உண்மைதான், அந்த ஏலம் தர்மத்துக்காகவே நடந்தது. எந்த மனிதரின் நிய்யத்தையும் நாம் எடைபோட முடியாது. அது அல்லாஹ்வின் வேலை. ஆனால் தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே என்று கூறும் 'பகரா' சூராவின் 271-வது வசனம், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் கூறுகிறது. கொடுத்ததற்கு அடையாளமாகக் காரின் முன்னும் பின்னும் ஒரு பலகை மாட்டிக்கொள்ள வேண்டுமா என்பதைக் கொடுப்பவர்தான் சிந்திக்க வேண்டும்.

இந்த இரண்டு கருத்துகளையும் பார்க்கையில், வாங்குவது அடிப்படையில் முபாஹ் என்றாலும், அதைச் சுற்றியிருக்கும் நோக்கமும் செலவும்தான் அதை நன்மையாகவோ பாவமாகவோ ஆக்குகின்றன என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.

மூன்று குதிரைகள்

அக்காலத்து வாகனம் குதிரை. அந்தக் குதிரையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஒரு செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது இடம்பெற்றுள்ளது. குதிரை ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குச் சுமை என்பது அதன் கருத்து. அல்லாஹ்வின் பாதைக்காக அதை வளர்ப்பவருக்கு, அது மேய்ந்த புல்லும் குடித்த தண்ணீரும்கூட நன்மையாக எழுதப்படுகின்றன. பிறரிடம் கையேந்தாமல் வாழ வேண்டுமென்று வளர்த்து, அதில் அல்லாஹ்வுக்குரிய ஹக்கை மறக்காதவருக்கு அது வறுமையை மறைக்கும் திரையாகிறது. பெருமைக்காகவும் பிறர் காண்பதற்காகவும் கட்டி வைத்திருப்பவருக்கோ அது பாவச் சுமை.

கவனியுங்கள், சகோதரர்களே! குதிரை ஒன்றுதான். தீவனமும் ஒன்றுதான். உடையவனின் உள்ளம் மாறியதும் அதன் பெயரே மாறிவிடுகிறது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் கார் ஒருவருக்கு நன்மை. வாடகைக்கு ஓட்டி, பிள்ளைகளுக்கு ஹலாலான உணவு கொடுக்கும் கார் ஒருவருக்குத் திரை. கல்யாண வீட்டு வாசலில் தன் நம்பரை நாலு பேர் பார்க்கட்டும் என்று குறுக்கே நிறுத்தப்படும் கார் என்ன ஆகும்?

உலகில் புகழுக்கான ஆடையை அணிபவருக்கு மறுமையில் அல்லாஹ் இழிவின் ஆடையை அணிவிப்பான் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. இங்கே கண்டிக்கப்படுவது ஆடையின் விலையல்ல. பிறர் விரல் நீட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை. கந்தல் உடுத்தியும் ஒருவர் புகழ் தேடலாம். "நானெல்லாம் நம்பருக்குக் காசு கொடுக்கவே இல்லை, பார்த்தீர்களா!" என்று சபைதோறும் சொல்லித் திரிபவரும் தம் உள்ளத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டியவரே.

வாகனத்துக்கு அடையாளமிடுவது தவறல்ல. நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகத்துக்கு 'அள்பா' என்று பெயர் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்களுக்கு அது வருத்தமாக இருந்தது. அதையறிந்த நபியவர்கள், உலகில் உயர்கின்ற எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள் (புகாரி). நபியின் வாகனத்துக்கே இந்த நியதி என்றால், நம் வாகனத்தின் எண்ணுக்கு என்ன நிலையான உயர்வு இருந்துவிடப் போகிறது?

786-ல் பரக்கத் இருக்கிறதா?

அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்புக் கொடுக்கும் 'அப்ஜத்' என்ற பழைய கணக்கு முறை ஒன்று உண்டு. அந்தக் கணக்கில் 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்பதன் எழுத்துகளைக் கூட்டினால் 786 வரும். கடிதம் கசங்கித் தரையில் விழுந்தால் அல்லாஹ்வின் திருநாமம் காலில் மிதிபடுமே என்று அஞ்சி, நம் முன்னோர் பலர் தலைப்பில் 786 என்று எழுதினார்கள். அந்தப் பேணுதலை நாம் குறை கூறவில்லை.

ஆனால் அவர்கள் எதற்காக எழுதினார்கள்? அது திருநாமம் அல்ல என்பதால்தானே எழுதினார்கள்! இன்றோ அந்த எண்ணே திருநாமம் போல மதிக்கப்படுகிறது. சோற்றுத் தட்டின் முன் உட்காரும் குழந்தை, பிஸ்மி சொல்லாமல் "எழுநூற்று எண்பத்தாறு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டால் எந்த உம்மா ஒப்புக்கொள்வாள்? தக்பீருக்குப் பின் அந்த எண்ணைச் சொல்லித் தொழ முடியுமா? சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் போதாத எண், காருக்கு மட்டும் எப்படிப் போதுமானதாகும்?

இந்த எண் இருந்தால் விபத்து வராது, வியாபாரம் பெருகும் என்று நம்புவது அதைவிட ஆபத்தானது. நல்லதும் கெட்டதும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கின்றன. சகுனம் பார்ப்பதை ஷிர்க்கின் வகையாகவே நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள். கூட்டுத்தொகை 8 வந்தால் ஆகாது என்று சோதிடர் சொல் கேட்டு எண்ணை மாற்றுவதும், 786 காப்பாற்றும் என்று நம்பி எண்ணை வாங்குவதும் ஒரே வேரில் முளைத்த இரண்டு செடிகள்.

வாகனத்துக்கு மார்க்கம் தந்திருக்கும் பாதுகாப்பு வேறு. ஏறும்போது பிஸ்மி சொல்லுங்கள். இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், நாம் இதற்குச் சக்தி பெற்றவர்களாக இருக்கவில்லை, நம் ரப்பிடமே திரும்பிச் செல்வோம் என்ற கருத்துள்ள, 'ஸுக்ருஃப்' சூராவில் வரும் துஆவை ஓதுங்கள். அதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. ஏல அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

எண் ஓர் அமானிதம்

எண்ணுக்கு ஆசைப்பட்டு, கிடைக்காதபோது சிலர் எழுத்தை வளைக்கிறார்கள். எண்கள் ஒரு பெயரைப்போலத் தெரியும்படி வரைகிறார்கள். தேவையான இலக்கத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் எழுதுகிறார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின்னும் அதைக் கழற்றிவிட்டு அலங்காரப் பலகை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இது வெறும் அபராதத்தோடு முடியும் காரியமல்ல. இரவு நேரத்தில் ஒரு வண்டி ஒருவரை மோதிவிட்டுப் போய்விடுகிறது. அடிபட்டவருக்கு நீதி தேட இருக்கும் சாட்சி பெரும்பாலும் அந்த நம்பர் மட்டும்தான். அதைப் படிக்க முடியாதபடி எழுதுபவர், ஒரு விதவையின், சில அநாதைகளின் ஹக்கை மறைக்கத் துணை போகிறார். அடியார்களின் ஹக்கோ, அவர்கள் மன்னிக்காமல் தீராது.

முடிவாக

முதலாவது, வரிசைப்படி கிடைத்த எண்ணைத் திருப்தியோடு ஏற்றுக்கொள்வதே மேலானது. எந்தக் கருத்து வேறுபாட்டுக்கும் அங்கே இடமில்லை.

இரண்டாவது, நினைவில் வைக்க எளிது, வாடகைக்காரர்கள் சுலபமாக அடையாளம் காண்பார்கள் என்ற தேவைக்காக, அரசாங்கம் நிர்ணயித்த சிறு கட்டணத்தைத் தன் சக்திக்குள் கட்டி வாங்குவது ஆகும்.

மூன்றாவது, அதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவதும், இடைத்தரகர் மூலம் கையூட்டுக் கொடுப்பதும் ஹராம். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடக் கேட்பதும் நபியவர்கள் தடுத்த 'நஜ்ஷ்' ஆகும்.

நான்காவது, பெருமைக்காக வாங்கினால், பணம் ஹலாலாக இருந்தாலும் செயல் பழிப்புக்குரியது. தவணை வந்த கடனும் நிறைவேற்றாத ஜகாத்தும் இருக்கும்போது இதில் பணம் போடுவது இன்னும் பெரிய குற்றம்.

ஐந்தாவது, எண் நன்மை தரும், தீமை தடுக்கும் என்ற நம்பிக்கை ஈமானையே காயப்படுத்தும்.

வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக் காரின் நம்பரைக் காட்டிப் பிள்ளையை உசுப்பாதீர்கள். வெயிலில் நின்று சம்பாதிக்கும் பிள்ளை, உங்கள் ஒரு சொல்லுக்காகக் கடன்காரனாகலாம். 786 இல்லாமல் வண்டி வாங்கிய மகனிடம் மனத்தாங்கல் கொள்ளும் வாப்பாமார்களும் யோசியுங்கள். கடனை முதலில் அடைப்போம் என்று சொல்லும் மகன், மார்க்கத்தை மதிக்காதவனல்ல. மார்க்கம் சொன்னதைத்தான் செய்கிறான். பணத்தை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவிட்டாய் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் மறுமையில் யாருடைய பாதமும் நகராது.

நம் ஒவ்வொருவருக்கும் கடைசியாக ஒரு வாகனம் இருக்கிறது. பள்ளிவாசலில் இருக்கும் அந்தச் சந்தூக்கில் செல்வந்தரும் போனார், ஏழையும் போனார். அதற்கு நம்பர் கிடையாது.

வல்ல அல்லாஹ் நம் வாகனங்களை நமக்கு நன்மையாக ஆக்குவானாக! பெருமையை விட்டும், வீண்விரயத்தை விட்டும், மூட நம்பிக்கையை விட்டும் நம்மையும் நம் சந்ததிகளையும் பாதுகாப்பானாக! ஆமீன்.