பூனைகள், குரங்கு, ஓர் அப்பம்

இரண்டு பூனைகளுக்கு ஓர் அப்பம் கிடைத்தது. பங்கு பிரிப்பதில் சண்டை. குரங்கு தராசோடு வந்தது. ஒரு தட்டுத் தாழ்ந்தால் அதிலிருந்து ஒரு கடி. மறு தட்டுத் தாழ்ந்தால் அதிலிருந்து ஒரு கடி. கடைசியில் அப்பமும் இல்லை, வழக்கும் இல்லை. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இந்தக் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. உம்மம்மாவின் மடியில் கேட்ட பிள்ளையும் உண்டு, அம்மம்மாவின் மடியில் கேட்ட பிள்ளையும் உண்டு. குரங்கு கடிக்கக் கடிக்கப் பிள்ளைகள் சிரிப்பார்கள். முடிவில் படிப்பினை வரும்: சண்டை பிடிக்காமல் பகிர்ந்து உண்ணுங்கள்.

நட்பையும் பகிர்வையும் போதிக்கும் சிறுவர் கதைகளைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் இந்தப் படிப்பினையோடு நின்றுவிடுகிறோம். கதை இனிமையாக இருக்கிறதா, நல்லதைச் சொல்கிறதா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுத் திருப்தியடைகிறோம். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. நல்லதைச் சொல்லும் கதை உண்மையையும் சொல்ல வேண்டுமா? எங்கள் பிரதேசத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஏனெனில் குரங்குக் கதைக்கு இங்கே பெரியவர்கள் மத்தியிலும் ஒரு பயன்பாடு உண்டு. தமிழர் முஸ்லிம் உறவு எப்படிச் சீர்கெட்டது என்ற பேச்சு எழுந்தால், 'நாங்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தோம், இடையில் ஒருவன் புகுந்து குழப்பிவிட்டான்' என்பார்கள். அந்த ஒருவன் யார் என்பது பேசுபவரைப் பொறுத்து மாறும். சிலருக்கு அரசு, சிலருக்கு இயக்கம், சிலருக்கு அரசியல்வாதி, சிலருக்கு வெளிநாடு. இவற்றில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த விளக்கத்தில் பூனைகள் இரண்டும் குற்றமற்றவையாகத் தப்பிவிடுகின்றன. ஒன்றையொன்று நம்பாததால்தான் தராசு குரங்கின் கைக்குப் போனது என்பதைக் கதை சொல்வதில்லை. நாமும் சொல்வதில்லை.

ஒருமுறை தரம் மூன்றுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். எல்லோரும் குரங்கைத் திட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து, 'ஏன் சேர், ஒரு பூனை வெட்ட, மத்தப் பூனை முதல்ல எடுத்திருக்கலாம்தானே?' என்றாள். வீட்டில் காக்காவோடு அவள் பனிஸ் பங்கிடும் முறை அதுதானாம். வெட்டுகிறவனுக்குச் சரிபாதியாக வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தராசும் வேண்டாம், நடுவரும் வேண்டாம். பூனைகள் புண்ணியவான்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பல பாடப் புத்தகக் கதைகள் தொடாத ஒன்றை அவள் தொட்டுவிட்டாள்.

பாடப் புத்தகக் கதைகளில் பகிர்வு என்பது பெரும்பாலும் இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுப்பதாகவே வரும். ஒரு பிள்ளையிடம் இரண்டு பென்சில் இருக்கும், மற்றப் பிள்ளையிடம் ஒன்றுமே இருக்காது. கொடுத்த பிள்ளையை ஆசிரியர் பாராட்டுவார். நல்ல கதைதான். ஆனால் அதைக் கேட்கும் பிள்ளை தன்னை எப்போதும் கொடுப்பவனின் இடத்தில் வைத்தே கற்பனை செய்கிறது. பொருள் என்னுடையது, நான் நல்லவன், ஆகவே தருகிறேன். நாளை நான் நல்லவனாக இருக்க விரும்பாவிட்டால்?

வாவியோரத்தில் பகிர்வு இப்படி நடப்பதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி யாருடைய சொத்தும் அல்ல. மாரியில் வெள்ளம் பெருகும்போது முகத்துவாரத்தின் மணல்மேட்டை எப்போது வெட்டிவிடுவது என்பது பழைய வழக்கு. தாழ்ந்த வயலில் நீர் நிற்கும் விவசாயிக்கு உடனே வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்பது மீனவரின் கவலை. இதில் கொடையாளி யாரும் இல்லை. ஒவ்வொருவருக்கும் பங்கு முன்பே இருக்கிறது. அதை மற்றவர் ஏற்றுக்கொள்கிறாரா என்பதே கேள்வி.

நமது மார்க்கமும் இதைத்தான் சொல்லித் தந்திருக்கிறது. செல்வந்தரின் பொருளில் ஏழைக்கு உள்ளதைக் குர்ஆன் 'ஹக்' என்கிறது. உரிமை என்று பொருள். குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அயலவரைக் கவனித்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். மிஞ்சியதைக் கொடு என்பது அதன் கருத்தல்ல. அடுப்பில் பானை ஏறும்போதே அயலவரின் பங்கும் அதனுள் இருக்கிறது. அந்த அயலவர் யார்? நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் திரும்பவும் கேட்டதாக ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன. இந்த இரண்டு சம்பவங்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். முதலாவதைச் சொல்லும் அளவுக்கு இரண்டாவதைச் சொல்கிறோமா என்பது சந்தேகம்.

இனி நட்பைப் பற்றிய கதைகளுக்கு வருவோம். வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றாகச் சிறகடித்து வலையோடு பறந்த கதை அனைவருக்கும் தெரியும். எலி வலையைக் கடிக்க வரும்போது தலைவனான புறா, முதலில் மற்றவர்களின் கட்டை அறு, என் கட்டைப் பிறகு பார்க்கலாம் என்கிறது. பஞ்சதந்திரத்தில் உள்ள இந்தக் கதை ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குப் போனது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதை அரபுக்குக் கொண்டுவந்தார். 'கலீலா வ திம்னா' என்ற அந்நூல் அரபு உரைநடையின் முன்னோடிகளில் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய 'இக்வானுஸ் ஸஃபா' என்ற அறிஞர் குழு, தனது பெயரையே இந்தப் புறாக் கதையிலிருந்து பெற்றிருக்க வேண்டும் என்று கோல்ட்சீகர் என்ற ஆய்வாளர் கருதினார். இந்துக்களின் கதை பாரசீகர் வழியாக முஸ்லிம்களிடம் வந்து ஒரு சிந்தனைக் குழுவுக்கே பெயர் கொடுத்திருக்கிறது. இதனால் யாருடைய கதையும் குறைந்துபோகவில்லை. கொடுத்தாலும் கொடுத்தவரிடமே மிஞ்சியிருக்கும் பொருள் கதை ஒன்றுதான்.

ஆனால் பஞ்சதந்திரம் புறாக்களோடு தொடங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது இரண்டாம் தந்திரம். முதல் தந்திரம் நட்பு எப்படி உடைகிறது என்பது பற்றியது. சிங்கமும் எருதும் உயிர் நண்பர்கள். தமனகன் என்ற நரி சிங்கத்திடம் போய் எருது உன்னைக் கொல்லப் பார்க்கிறது என்கிறது. எருதிடம் போய் சிங்கம் உன்னைத் தின்னப் போகிறது என்கிறது. இருவரும் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. ஐந்து தந்திரங்களிலும் நீளமானது இதுதான். நட்பைச் சேர்க்கும் கலைக்கு முன்னால் அது உடையும் விதத்தைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று அந்தப் பழைய ஆசிரியர் நினைத்திருக்கிறார்.

இன்னொன்று. வடமொழிக் கதையில் தமனகன் தப்பிவிடுகிறான். சிங்கத்தின் அமைச்சனாகவும் நிலைக்கிறான். அரபு நூலிலோ ஓர் அத்தியாயம் கூடுதலாக இருக்கிறது. அதில் திம்னா விசாரணைக்கு நிறுத்தப்படுகிறான், சாட்சிகள் பேசுகிறார்கள், தண்டனை பெறுகிறான். இது இப்னுல் முகஃப்பா சேர்த்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. நண்பனைக் கொல்ல வைத்தவன் கேள்வியின்றிப் போவதோடு கதையை முடிக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

எங்களுக்கு அந்த அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்கள் காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டார்கள். இவற்றுக்காக எவரும் நீதிமன்றில் தண்டனை பெறவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற சிறுவர்கள். அந்தத் தாக்குதல்களை நடத்திய குழுவின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். இதையும் அதே மூச்சில் சொல்லாவிட்டால் முன்னையவற்றைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்காது.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்வதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பிணங்களை எண்ணிக் காட்டும்படி நான் சொல்லவில்லை. ஆனால் நாம் சொல்லாவிட்டாலும் பிள்ளைக்கு ஒரு கதை போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பெருநாள் வீட்டில், மரண வீட்டில், சந்தியில், பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவது அதன் காதில் விழுகிறது. அந்தக் கதையில் எருது நம்மவன், சிங்கம் அவர்கள். பக்கத்து ஊரில் அதே கதை மாற்றிச் சொல்லப்படுகிறது. வகுப்பறையில் பூனைகளின் ஒற்றுமை, வீட்டில் இந்தக் கதை. எதைப் பிள்ளை நம்பும்? வகுப்பறைக் கதையில் நோவு இல்லாததால் அது விளையாட்டுக்குச் சொன்னது என்று பிள்ளை முடிவெடுத்துவிடும். நரி கோள் மூட்டும் கதையில் வேடிக்கைக்குக் குறைவில்லை. அது சிரிப்போடு போய்ச் சேரும். 'நீ நேரில் கேட்டாயா?' என்ற கேள்வியும் கூடவே போய்ச் சேரும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் வேறு. இங்கே தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே தமிழ்ப் பாடநூலையே படிக்கின்றன. ஆனால் ஒரே அறையில் படிப்பது அரிது. காத்தான்குடியும் ஆரையம்பதியும் மதிலோடு மதில் ஒட்டிய ஊர்கள். பாடசாலைகள் வேறு, விடுமுறைகள்கூட வேறு. றமழானில் நம் பாடசாலைகள் மூடியிருக்க, அவர்களுடையவை திறந்திருக்கும். நட்பைப் பற்றிய ஒரே கதையை இரண்டு பிள்ளைகளும் அரை மைல் தூரத்தில் தனித்தனியே படித்துப் பரீட்சை எழுதுகின்றன. அந்தக் கதையில் வரும் 'நண்பன்' என்ற சொல்லுக்குத் தன் ஊர்ப் பிள்ளையின் முகத்தைத்தவிர வேறு முகம் எப்படி வரும்?

இதற்கு மாற்றாக ஒன்று நடந்ததை மறக்கக் கூடாது. 1996இல், யுத்தத்தின் நடுவில், கனடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை ஆரம்பித்தார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து களிமண்ணிலும் நிறங்களிலும் நாடகத்திலும் விளையாட விட்டார்கள். பிள்ளைகள் தாங்களே கதை கட்டினார்கள். படிப்பினை சொல்ல அங்கே யாரும் எழுந்து நிற்கவில்லை. ஒரு முகமூடிக்கு நிறம் பூச இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே தூரிகை என்றால் பகிர்வு பாடமாக வர வேண்டியதில்லை. அந்தப் பூங்காவால் 2019ஐத் தடுக்க முடிந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பூங்காவிடம் அவ்வளவு கேட்பது நியாயமில்லை. வாவியைச் சுற்றி அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை இருந்தன என்று நம்மிடம் நாமே கேட்டுக்கொள்வதே முறை.

கதை மட்டும் மனிதரைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனால் யாரோடு இருந்து கேட்கிறோம் என்பதில் கதையின் பாதி இருக்கிறது என்று நம்புகிறேன். சிறுவர்க்காக எழுதும் நம்மவர்கள் ஒரு சிறு ஏற்பாட்டைச் செய்துபார்க்கலாம். நட்பைப் பற்றி ஒரு கதை எழுதினால், அச்சுக்குப் போகுமுன் அதை மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று வாசிக்கட்டும். எந்த இடத்தில் சிரிக்கிறது, எந்த இடத்தில் முகம் சுருங்குகிறது, தன்னைக் கதையில் எங்கே காண்கிறது என்று பார்ப்போம். அவர்களும் தங்கள் கதையை நம் பிள்ளைக்குத் தரட்டும். வெட்டுபவர் ஒருவர், முதலில் எடுப்பவர் மற்றவர். அப்பத்துக்கு நியாயமான அந்த முறை கதைக்கும் நியாயமானதே.