அழிவுக்கு அனுமதி தரும் உரிமை

ஓர் உயிரினத்தின் மதிப்பு அது மனிதருக்குத் தரும் பயனில் அடங்குமா, அதன் இருப்பிலேயே உள்ளதா என்னும் மெய்யியல் வினாவை, அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் சட்டம் அரசியல் வழக்காக்கியது. லிட்டில் டென்னசி ஆற்றின் சரளைப் படுகையில் நத்தைகளைத் தின்று வாழ்ந்த, மூன்று அங்குல நீளமுள்ள ஸ்னெயில் டார்ட்டர் என்னும் மீனுக்காக, ஏறத்தாழ முடிந்துவிட்ட டெலிக்கோ அணையை உச்ச நீதிமன்றம் 1978இல் தடுத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் உடனே சட்டத்தைத் திருத்தி, ஓர் இனமே அழிய நேரினும் ஒரு திட்டத்துக்கு விலக்களிக்கவல்ல எழுவர் குழுவை அமைத்தது. படைத்தவனுக்கே உரியதென்று சமயங்கள் கருதிய முடிவு வாக்கெடுப்புக்கு வந்ததால், அது 'கடவுள் குழு' என்றே அழைக்கப்பட்டது. 1979 ஜனவரியில் அக்குழு ஒருமனதாக விலக்கை மறுத்தது. ஆனால் மீனின் உள்ளார்ந்த மதிப்பைவிட, அணையின் பொருளாதாரப் பயன் போதாதென்ற கணக்கே அம்முடிவைத் தாங்கியது என்பது வேதனைக்குரியது, ஏனெனில் கணக்கு மாறினால் பாதுகாப்பும் போய்விடும். அதே ஆண்டு நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் செருகப்பட்ட ஒரு பிரிவு அணைக்கு வழிவிட்டது. வேறு ஆறுகளில் விடப்பட்டும் பிற இடங்களில் கண்டறியப்பட்டும் மீன் தப்பி, 2022இல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. செரோக்கி என்னும் பூர்வகுடி மக்களின் டனாசி என்னும் தொல்லூரோ, முன்னோர் புதைந்த மண்ணோடு அணை நீரில் மூழ்கியது. சமய உரிமையின் பேரில் அவர்கள் தொடுத்த வழக்கு, நிலம் அரசின் உடைமை என்னும் அடிப்படையில் தள்ளப்பட்டு, 1980இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.